எதை வைப்பது, எதை விடுவது? தோட்டப்புற வீட்டு நூல்தொகுதிகள் குறித்து



நூல் சேர்ப்பதன் சிறப்பைப் பேசாத தமிழ் மேடை இல்லை. சேர்த்த நூலைக் குறைப்பது பற்றிப் பேசுவோர் அரியர். அது பேச்சுக்குரிய பொருள்தானா என்றுகூடச் சிலர் எண்ணலாம். ஆனால் இந்த அவையில் இருப்போரில் பெரும்பாலோர் அறுபதை நெருங்கியவர்கள், அல்லது கடந்தவர்கள். ஆசிரியராகவோ கிராணியாகவோ தொழிற்சங்கப் பணியாளராகவோ இருந்து, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து நூல் வாங்கியவர்கள். நம் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களுள் தமிழைத் தடையின்றிப் படிப்போர் சிலர்; படிக்க நேரமும் உடையோர் மிகச் சிலர். இந்நூல்களை என்ன செய்வது என்று நாம் முடிவு செய்யாவிட்டால், நமக்குப் பின் பழைய தாள் வாங்க வருபவர் தராசை வைத்து முடிவு செய்வார்.

நானும் கடந்த ஓராண்டாக இவ்வேலையில் ஈடுபட்டிருக்கிறேன். ஏறத்தாழ 3,000 நூல்களை 600 அளவுக்குக் குறைக்க வேண்டிய நிலை. அவ்வேலையினூடே எனக்குத் தெளிவுபட்ட கருத்தொன்றை மட்டும் இன்று உங்கள்முன் வைக்கிறேன். நூல்களைக் கழிக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்கும் வினா, 'இது சிறந்த நூலா?' என்பது. நம் தோட்டப்புற வீடுகளில் அவ்வினா, எங்கும் கிடைப்பவற்றை வைத்துக்கொள்ளவும் எங்கும் கிடைக்காதவற்றை எறியவும் செய்கிறது. நாம் கேட்க வேண்டியது, 'இந்தப் படி போனால் இதிலுள்ள செய்தியே போய்விடுமா?' என்பது.

தோட்டத்திற்கு நூல் வந்த வழி

கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கு வழிசெய்ய வேண்டும் என்றது. நெகிரி செம்பிலானும் அம்மாநிலங்களுள் ஒன்று. லிங்கி, லாபு, சிலியாவ், ரந்தாவ் வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் பள்ளி என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஆசிரியர் ஒருவர். ஆயினும் எழுத்தறிந்த ஒருவர் லயத்தருகே குடியிருந்தார் என்பதே பெரிய மாற்றம். 1924-இல் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது. 1935-இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தோன்றியது. ஒரே இதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது.

போருக்குப் பின் கேட்டவர்கள் எழுதவும் தொடங்கினார்கள். 1950-ஐ ஒட்டிச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேச'னில் நடத்திய கதை வகுப்பு, தோட்டத்து இளைஞர்களையும் எழுத்தாளராக்கியது. 1952 முதல் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது, மணிமன்றங்கள் எழுந்தன, தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 'சங்கமணி' என்னும் இதழை நடத்தியது. தமிழகத்து நூல்களும் இதழ்களும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் பினாங்கில் வந்திறங்கி, தெற்கே பயணம் செய்து நம் ஊர்க் கடைகளை அடைந்தன.

இங்கு ஒரு செய்தியை நினைவூட்ட வேண்டும். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டி, கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். பால்மரம் சீவியவர்களும் சிறு கடை வைத்திருந்தவர்களும் அதற்குப் பணம் தந்தார்கள். பல்கலைக்கழகப் படியை ஒருநாளும் மிதிக்கப்போவதில்லை என்று அறிந்தும் தந்தார்கள். 1956-இல் இந்திய ஆய்வியல் துறை பிறந்தது. நம் நாட்டின் பெரிய தமிழ் நூல்தொகுதி ஒன்று, தான் படிக்கப்போகாத நூலுக்கும் கூலியிலிருந்து கொடுத்த மக்களால் வளர்ந்தது. ஆகவே தோட்டப்புறத்து நூலை வெறும் தனிச்சொத்து என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தாள் உதிர்ந்த வழி

வந்த நூல்கள் எங்கே? ஒவ்வோர் இடப்பெயர்விலும் முதலில் உதிர்வது தாள். 1948-இல் அவசரகாலம் தொடங்கியபின் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. 1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969-ஐ ஒட்டி, குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமானபோது பல்லாயிரவர் தமிழகம் திரும்பினார்கள். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், செண்டாயான் புறங்களில் அதுவும் போய்க் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. தோட்டம் மறைந்தும் பள்ளியின் பெயரில் 'லாடாங்' என்னும் சொல் மட்டும் நிற்கும் ஊர்கள் நம் மாநிலத்தில் எத்தனை என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வளவு பெயர்வுகளிலும் குடும்பங்கள் எதைத் தூக்கிச் சென்றன? சாமிப் படம், பாத்திரம், தையல் இயந்திரம், பிறப்புச் சான்று. நூல்களில் கெட்டி அட்டை போட்டவை பிழைத்தன: இராமாயணம், திருக்குறள், தேவாரத் திரட்டு. மெல்லிய தாள்கள் அடுப்புக்கும் அலமாரி விரிப்புக்கும் போயின. மக்கள்மேல் இதற்காகக் குறை சொல்ல முடியாது. தாளைக் காட்டிலும் பிழைப்புப் பெரிது. ஆனால் இன்று நிலையான வீட்டில் அமர்ந்து, நேரத்தோடு நூல்களைப் பிரிக்கும் நாமும் அதே கெட்டி அட்டையைத்தான் அளவுகோலாகக் கொள்கிறோம். அதைத்தான் நான் மறுக்கிறேன்.

'சிறந்த நூல்' என்னும் அளவுகோல்

சிறப்பை அளவுகோலாக்கினால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1880-இல் உ. வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றை அடுக்கிச் சொன்ன அவரிடம், முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். அன்றைய சைவப் புலமைச் சூழலில் அந்தச் சமணக் காப்பியம் பாடமாகப் பேணப்படவில்லை. ஆயினும் எவரோ சிலர், தாமே படிக்காதபோதும், அதன் ஏடுகளை விட்டுவைத்திருந்தார்கள். அதனால் 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் தொடர்ந்தன. பயன் இல்லை என்று கருதி ஏடுகளை ஆற்றில் விட்ட வீடுகளும் அக்காலத்தில் இருந்தன.

அவ்வீட்டார் அறிவிலிகள் அல்லர். தம் காலத்தின் மதிப்பீட்டை நம்பினார்கள், அவ்வளவே. நமக்கும் ஒரு கால மதிப்பீடு உண்டு, அதுவும் மாறும். 50 ஆண்டுகளுக்குப் பின் வருவோர்க்கு எது சிறந்தது என்று நம்மால் கூற இயலாது. எது அரியது என்று மட்டும் ஓரளவு கூற இயலும். சிறப்பு, கருத்துக்கு உட்பட்டது. அருமை, எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதை உணர்ந்து செயல்பட்ட ஒருவரைச் சொல்கிறேன். மலாயாவுக்கு வட்டித்தொழில் செய்ய வந்த செட்டியார்கள் பலரின் சொந்த மண்ணான செட்டிநாட்டில், கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். அவர் இலக்கிய நூல்களுடன் நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபோது அத்தொகுதி சிதறிப்போயிருக்கலாம். சிக்காகோ பல்கலைக்கழகம் 1994-இல் அதை வாங்கி, சென்னையிலேயே இருக்கச் செய்தது. 1996 முதல் ஆய்வு நூலகமாக இயங்குகிறது. இன்று ஆய்வாளர் அங்குத் தேடிச் செல்வதற்குக் காப்பியங்களின் பதிப்புகள் மட்டும் காரணம் அல்ல. வேறு எவரும் வைத்திராத துண்டுத்தாள்களும் காரணம்.

நம் நாட்டிலும் இத்தகைய பணிக்கு முன்னோடி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்களின் பட்டியலைத் 'தமிழ் மலேசியானா' என்னும் பெயரில் 1969-இல் தந்தார். உங்கள் வீட்டில் 1969-க்கு முற்பட்ட உள்நாட்டு நூல் இருந்தால், முதலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது அப்பட்டியலோடுதான். அதில் இடம்பெறாத நூல் உங்கள் அலமாரியில் இருக்குமானால், அது கழிக்கும் குவியலுக்கு உரியதன்று.

ஒரு மொழியியலாளனின் காரணம்

அதே இராம. சுப்பையா 1966-இல் கீழ்ப் பேரா வட்டாரத் தமிழ்ச் சொற்களைப் பற்றிய ஆய்வு நூலையும் வெளியிட்டார். அவர் மொழியியலாளராகவும் நூற்பட்டியலாளராகவும் இருந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. பேச்சைத் தேடுபவன் தாளையும் தேடுவான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை வெளிவந்தது; ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. நெகிரி செம்பிலான் தோட்டத்துச் சொற்களைத் தொகுப்பது அதன் பணி அன்று. பெரட்டு, கித்தா, மங்கு, ஒட்டுப்பால், காண்டா, ஆயாக்கொட்டகை என்னும் சொற்களை நாம் கேட்டு வளர்ந்தோம். கித்தா, மலாய் மொழியின் கெத்தா. நாவுக்கு இசைந்து தமிழாயிற்று. இச்சொற்கள் எந்தப் பொருளில், எந்தத் தொடரில், யாரால் எழுதப்பட்டன என்பதை அறியக் காப்பியம் உதவாது. தோட்டத்துக் கூட்டுறவுக் கடையின் கணக்கேடும், கோயில் குழுவின் கூட்டக்குறிப்பும், பள்ளி ஆண்டு மலரில் ஆசிரியர் எழுதிய கட்டுரையுமே உதவும்.

மற்றொன்று பெயர். நிறுவனம் பதிவேட்டில் இட்ட பெயர் ஒன்று. தொழிலாளர் தம் வாயில் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. நிறுவனப் பெயர் நிலப்படத்தில் நிற்கிறது. தமிழ்ப் பெயர் எங்கே நிற்கிறது? திருவிழா அறிக்கையில், கல்யாணப் பத்திரிகையில், கடித உறையில். என் தொகுதியில் இருந்த ஒரு மாரியம்மன் திருவிழா அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தாள், இருபுறமும் அச்சு. உபயகாரர் பெயர், ஒவ்வொருவரும் எந்த டிவிஷனைச் சேர்ந்தவர், எந்த நாள் எந்த வேலைப் பிரிவினரின் உபயம், நாடகம் நடத்தியோர் எந்தத் தோட்டத்தார் என்பனவெல்லாம் அதில் உள்ளன. ஊர்ப்பெயராய்வாளர்க்கும் வரலாற்றாளர்க்கும் அது ஒரு சிறு கல்வெட்டு. கல்வெட்டைப் படியெடுக்கத் தொல்லியல் துறை உண்டு. இத்தாளைப் படியெடுக்க நம்மைத் தவிர யாரும் இல்லை.

1986-ஆம் ஆண்டின் சட்டம், வெளியீட்டாளர் தம் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கோயில் குழுவோ பள்ளிப் பெற்றோர் சங்கமோ தம்மை 'வெளியீட்டாளர்' என்று எண்ணிக்கொள்வது அரிது. ஆகவே சட்டம் பிடிக்காததை வீடுதான் பிடித்து வைத்திருக்கிறது.

நான்கு வினாக்கள்

இனிச் செயல்முறை. ஒரு நூலைக் கையில் எடுத்ததும் நான் நான்கு வினாக்களை இந்த வரிசையில் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது: இது வேறெங்கே இருக்கிறது? தமிழ்ப் பேரகராதியை இன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் தேடலாம். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் பல நூலகங்களில் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை இலவசமாக வழங்குகிறது. எனவே பேரகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் சங்க இலக்கிய மறுபதிப்புகளையும் நான் விட்டுவிட்டேன். 40 ஆண்டுகள் கைக்கெட்டும் தொலைவில் இருந்தவை. அவற்றை ஏற்றிச் சென்ற வண்டி திரும்பும்வரை வாசலில்தான் நின்றேன். ஆனாலும் என் வீட்டிலிருந்து அவை போனதால் தமிழுக்கு ஒரு சொல்கூடக் குறையவில்லை.

இரண்டாவது: இந்தப் படியில் மட்டும் இருப்பது எது? மு. வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை 1949 முதல் எண்ணிறந்த பதிப்புகள் கண்டது. அதை வைத்திருக்க முதல் வினாவின்படி காரணம் இல்லை. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு தோட்டப் படிப்பகத்தின் முத்திரையும், கடன் வாங்கிச் சென்றோர் கையொப்பமும் இருந்தால்? நூல் எங்கும் உண்டு. அப்பக்கம் இங்கு மட்டுமே உண்டு. அப்பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து, எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்துவிட்டு நூலைக் கொடுத்துவிடலாம். ஓரக்குறிப்பு நிறைந்த நூலாயின் முழுநூலையுமே வைக்க வேண்டும்.

மூன்றாவது: யாருக்குப் போகும்? 'நூலகத்திற்குக் கொடுத்துவிடுவேன்' என்பது பதிலாகாது. பெரிய நூலகங்கள் தம்மிடம் உள்ள நூலின் மறுபடியை ஏற்பதில்லை, ஏற்கவும் இடமில்லை. பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டு வருவது, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் வைப்பது போன்றது. முதலில் பட்டியல் எழுதுங்கள். ஆசிரியர், தலைப்பு, ஊர், ஆண்டு, பக்கம் என்னும் ஐந்து செய்திகள் போதும். பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திற்கும் தேசிய ஆவணக் காப்பகத்திற்கும் அனுப்பிக் கேளுங்கள். அவர்களுக்கு வேண்டியது போக, படிக்கத்தக்க கதை, கவிதை, சிறுவர் நூல்களை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கு, தலைமையாசிரியர் தேர்ந்தெடுக்கும்படி கொடுங்கள். எஞ்சியதை மனக்கலக்கமின்றி மறுசுழற்சிக்கு விடுங்கள்.

நான்காவது: நான் இன்னும் இதைப் படிப்பேனா? இவ்வினாவைக் கடைசியில் வைத்திருப்பதால், இது சிறிது என்று கொள்ள வேண்டா. மீண்டும் மீண்டும் எடுக்கும் நூல்களுக்கு ஓர் அலமாரி வேண்டும். அவை எங்கும் கிடைப்பவையாக இருக்கலாம், இருக்கட்டும். நூலுடையவன் காப்பகக் காவலன் மட்டும் அல்லன், படிப்பவனும்கூட.

இரண்டு தடைகள்

'எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் என்ன?' என்பார் உண்டு. நம் தட்பவெப்பம் அதற்கு இடம் தராது. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. கரையானும் இராமபாணப் பூச்சியும் காத்திருக்கின்றன. மரக்கூழால் செய்த மலிவுத்தாள் தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும். 3,000 நூல்களைக் கவனிக்க இயலாதவர், 60 தாள்களைக் கவனிக்க இயலும். எல்லாவற்றையும் வைப்பவர் உண்மையில் எதையும் காப்பதில்லை. மேலும், ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் நமக்குக் காட்டியது. ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓர் இரவில் எரிந்தன. ஆகவே அரிய தாளை வைத்திருப்பது மட்டும் போதாது. அதன் படம் மற்றோர் ஊரில், மற்றொருவர் கையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை நுண்ணியது. பழைய கணக்கேடுகளில் யார் யாருக்குக் கடன் என்பது பெயருடன் இருக்கும். கூட்டக்குறிப்புகளில் சாதிப்பெயர் இருக்கும், சண்டையும் இருக்கும். அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இம்மாநிலத்தில் வாழ்கிறார்கள். அதற்காக ஏட்டை எரிப்பது தீர்வாகாது. ஆவணக் காப்பகங்கள் குறிப்பிட்ட காலம்வரை திறவாமல் வைக்கும் ஏற்பாட்டை ஒப்புக்கொள்வதுண்டு. கொடுக்கும்போதே அதை எழுத்தில் கேட்க வேண்டும். ஊரறியப் படம் போட்டு மகிழ்வதற்குரியவை அல்ல அவை.

அன்பர்களே, 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. அவ்விதழைத் தம் தோட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டிய தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்தோர் நாம். ஒரு திருவிழா அறிக்கையில் உள்ள டிவிஷன் பெயரைப் பார்த்து, அது எந்த ஆற்றோரம் இருந்தது, பிரட்டுக் களம் எங்கே இருந்தது என்று சொல்லக்கூடியவர் நம்மோடு முடிவார். நம் பிள்ளைகள் அத்தாளை வைத்திருந்தாலும் அதன் பொருளை அறியமாட்டார். ஆகவே பிரிக்கும் வேலையைப் பிறரிடம் விட முடியாது, ஒத்திப்போடவும் முடியாது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. வீடு திரும்பியதும் பெரிய நூல்களைத் தொட வேண்டா; அவை காத்திருக்கும். அலமாரியின் அடித்தட்டில், பழைய பிஸ்கட் டின்னில், சாமிப் படத்தின் பின்னால் இருக்கும் மெல்லிய தாள்களை முதலில் எடுங்கள். பத்தே தாள்கள் போதும். ஒவ்வொன்றின் பின்னும் மென்சில்லில் தோட்டத்தின் பெயர், அதன் தமிழ் வழக்குப் பெயர், ஆண்டு, உங்களுக்குத் தெரிந்த விளக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். படமெடுத்து இருவரிடம் கொடுங்கள். அது முடிந்தபின், காப்பியங்களை யாருக்குக் கொடுப்பது என்று அமைதியாக யோசிக்கலாம்.